பழைய வீடு போட்டோ: நாலாவது ரவுண்டு, ஒரே ஒரு கதவு

இந்த தடவை ஒரு கதவு, ஒரு ஜன்னல், அவ்ளோதான். முதல் மூணு தடவை கண்ல பட்டதையெல்லாம் க்ளிக் பண்ணி 200 போட்டோவுக்கு மேல சேத்தேன், திரும்பி வந்து பாத்தா எது எந்த ரூம்னே தெரியல, அளவு தெரிய பக்கத்துல ஒரு ஸ்கேல் கூட வைக்கல. இப்போ எதை எடுத்தாலும் தள்ளி நின்னு ஒண்ணு, ஸ்கேல் வச்சு கிட்டத்துல ஒண்ணு.

ஆனா டார்ச் தாங்க மேட்டர். ஃப்ளாஷ் நேரா அடிச்சா செதுக்கலெல்லாம் தட்டையாயிடுது. ஜன்னல சாத்திட்டு, ட்ரைபாட்ல கேமராவ வச்சு ரெண்டு செகண்ட் எக்ஸ்போஷர், டார்ச்ச கதவ ஒட்டினாப்ல பக்கவாட்டுல அடிச்சேன், அப்பதான் பின்பக்க பலகைல ரம்பம் போன தடம் தெரிஞ்சுது, வில்லு மாதிரி வளைஞ்ச கோடுங்க, வரிசையா. வட்ட ரம்பத்துல அறுத்தாதான் அப்படி விழும், கையால இழுத்து அறுத்த பலகைல கோடு நேரா இருக்கும், இடைவெளி மட்டும் கூடக்குறைய இருக்கும். முழுக்க கைவேலைன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு இருந்தேன், போச்சு.

கீல்ல ஸ்டார் ஸ்க்ரூ. அது 1930கள்ல தான் மார்க்கெட்டுக்கே வந்துச்சு, அப்போ கதவே அவ்ளோ புதுசான்னு மனசு விட்டுப்போச்சு. ஜூம் பண்ணி பாத்தா பக்கத்துலயே மரக்குச்சி வச்சு அடைச்ச பழைய ஓட்டைங்க, பெயின்டுக்குள்ள பாதி மறைஞ்சு. கீல மட்டும் பின்னாடி யாரோ மாத்தியிருக்காங்க. பலகைல அடிச்ச ஆணி உருண்டையா இல்ல, தட்டைப் பட்டையா இருக்கு, அதாவது தகட்டுல வெட்டின ஆணி. உருண்டை கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டு கடைசிலதான் பரவலாச்சு, ஆனா பழைய வகை ஆணி அப்புறமும் ஓடுச்சு, அதனால ஆணிய மட்டும் வச்சு வருஷம் சொல்ல எனக்கு தைரியம் இல்ல.

ஜன்னல்ல நாலு கண்ணாடில ஒண்ணுல மட்டும் எதிர் மரம் நெளிஞ்சு தெரியுது. கண்ணாடி காலப்போக்குல உருகி வழியும்னு சொல்றதெல்லாம் சும்மா, ஊதி செஞ்சப்பவே வந்த நெளிவு அது. மத்த மூணும் ஃப்ளோட் கண்ணாடின்னு தோணுது, அதாவது உருகின வெள்ளீயத்து மேல மிதக்கவிட்டு செய்ற நெளிவில்லாத கண்ணாடி, அப்போ பின்னாடி மாத்தினதா இருக்கணும், பில்கிங்டன் கம்பெனி அந்த முறைய அறிவிச்சதே 1959ல தான்.

அடுத்து மாடிப்படி கைப்பிடி, தரையில படுத்துதான் எடுக்கணும் போல.