புவிகாந்த ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு: புயலுக்கு முன் அமைதியான நாளைப் பாருங்கள்

எம்.எஸ்சி. இயற்பியலில் என் ப்ராஜெக்ட், 2024 மே மாதக் காந்தப் புயல், அதாவது சூரியனிலிருந்து வந்த வீச்சால் பூமியின் காந்தப்புலம் கலங்கிய நிகழ்வு. மும்பைக்குத் தெற்கே உள்ள அலிபாக் காந்த ஆய்வகத்தின் நிமிடத் தரவை இண்டர்மேக்னெட்டிலிருந்து (உலகக் காந்த ஆய்வகங்களின் வலையமைப்பு) இறக்கி, நேராகப் புயல் நாளை வரைந்தேன். கோடு சடாரென்று விழுந்தது, பார்க்க அழகாக இருந்தது. மே 10 மாலை 5 மணிக்குப் புயல் தொடங்கியதாக எழுதியும் விட்டேன்.

கைடு அதைப் பார்த்துவிட்டு, "அமைதியான நாள் ஒன்றைப் போட்டுக் காட்டு" என்றார். போட்டேன். கிடைக்கூறு (காந்தப்புலத்தின் கிடைமட்டப் பகுதி) காலை ஆறு மணிக்கு உச்சத்தில் இருந்தது! பகல் வெயிலில் அயனிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டம்தான் அதை உயர்த்துகிறது. உச்சம் நண்பகலை ஒட்டி வர வேண்டும். கோப்பில் இருப்பது உலக நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். உண்மையில் புயல் தொடங்கியது நமக்கு இரவு பத்தரை மணிவாக்கில். புயல் நாளின் வரைபடத்தில் இந்தத் தவறு கண்ணில் படவே படாது.

அப்புறம் 99999. ரீடிங் விடுபட்ட இடங்களில் இந்த எண் இருக்கும். அலிபாக்கில் கிடைக்கூறு சுமார் 38,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). ஒரு நாளின் 1,440 நிமிடங்களில் பத்தே பத்து விடுபட்டு, அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் விடை சுமார் 430 நானோடெஸ்லா கூடிவிடும். அமைதியான நாளின் உண்மையான ஏற்ற இறக்கமோ சில பத்துகள்தான்.

ஒவ்வொரு மாதத்துக்கும் அமைதியான நாட்களின் பட்டியலை ஜெர்மனியின் போட்ஸ்டாம் மையம் வெளியிடுகிறது. அதில் ஐந்து நாள் எடுத்து, நள்ளிரவு மதிப்பை அடித்தளமாகக் கழித்துப் பழகுங்கள். திருநெல்வேலி தரவு கிடைத்தால் இன்னும் நல்லது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் அங்கே பகல் உயர்வு அலிபாக்கைவிட அதிகம். இரண்டின் வித்தியாசமே நடுக்கோட்டு மின்தாரையின் (காந்த நடுக்கோட்டுக்கு மேலே அயனிமண்டலத்தில் பகலில் ஓடும் வலுவான மின்னோட்டம்) வலிமையைக் காட்டும்.

வைவாவில் "ஏன் அலிபாக்?" என்று கேட்பார்கள். 1841 முதல் மும்பையின் கொலாபாவில் அளந்தார்கள். மும்பைக்கு மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுக்கும் என்றதும் 1904-ல் அலிபாக்கில் தொடங்கி, 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்தே அளந்தார்கள். அந்த இரண்டு வருடத்தால்தான் தொடர் அறுபடவில்லை.