கெமு தேவியின் மலையடியில்

லிஜியாங் நகரிலிருந்து மலைப்பாதைகளில் நாள் முழுக்கப் பயணம் செய்து லுகு ஏரிக்கரையில் உள்ள லிகே என்ற சிற்றூரை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வண்டியிலிருந்து இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அம்மன் சந்நிதி எங்கே இருக்கிறது?" என்பதுதான். எந்த அம்மன் கோயிலுக்குப் போனாலும் கொண்டு செல்வதுபோல் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, மஞ்சள் கயிறு ஆகியவற்றை ஒரு பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழுந்து நின்ற பாறை மலையைக் காட்டி, "அந்த மலையேதான் அம்மன்" என்றேன்.

சீனாவின் யுன்னான், சிச்சுவான் மாகாணங்களின் எல்லையில், ஏறத்தாழ 2,690 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஏரி. அதற்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து 3,754 மீட்டரில் முடிகிறது கெமு மலை. படுத்திருக்கும் சிங்கத்தைப் போலத் தோன்றுவதால் வெளியூர்க்காரர்கள் இதைச் சிங்க மலை என்கிறார்கள். ஏரியைச் சுற்றி வாழும் மோசுவோ இன மக்களுக்கோ இவள் காவல் தெய்வம். குகை வரைக்கும் ரோப்கார் செல்கிறது. நாங்களும் போய் வந்தோம். ஆனால் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்ததில் எனக்குக் கிடைக்காத நிறைவு, கீழே வலம் வந்தவர்களைப் பார்த்ததில் கிடைத்தது.

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் 25ஆம் நாள் மலையை வலம் வரும் திருவிழா. நம் மொழியில் சொன்னால் கிரிவலம். நல்ல உடை அணிந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் பைன் கிளைகளைத் தீயிலிட்டுப் புகையெழுப்பி மலையை நோக்கி விழுந்து வணங்கினார்கள். திபெத்திய பௌத்த லாமாக்கள் சுவடிகளைப் பார்த்து ஓதினார்கள். இம்மக்களுக்கு தாபா எனப்படும் பூசாரிகளும் உண்டு என்பதும், அவர்களுடைய மந்திரங்கள் எழுத்தில் இல்லாமல் வாய்வழியாகவே வருகின்றன என்பதும் வேதத்தை எழுதாக் கிளவி என்று சொல்லிப் பழகிய நமக்கு எளிதில் விளங்கக்கூடியவை.

தேவியின் கதையை அன்று மதியம் அம்மாவுக்குச் சொன்னேன். சுற்றிலும் உள்ள ஆண் மலைகள் பலவும் கெமுவின் காதலர்கள். அவர்களில் ஒருவன் இரவில் வந்து விடியுமுன் பிரிந்தபோது, அவனுடைய குதிரையின் குளம்பு பதிந்த பள்ளத்தில் அவள் கண்ணீர் நிறைந்து ஏரியானது என்பது ஒரு கதை. மோசுவோ வழக்கத்தில் ஆண் இரவில் பெண்ணின் வீட்டுக்கு வந்து காலையில் தன் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான்; பிள்ளைகள் தாயின் வீட்டில், பாட்டியின் அடுப்பங்கரையில், தாய்மாமன்களின் பொறுப்பில் வளர்கிறார்கள். தேவியும் தன் பெண்களைப் போலவே வாழ்கிறாள். இதைச் சொல்லும்போது அம்மா முகம் சுளிப்பாரோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அவரோ மலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இவளை யாரும் கட்டிக்கொடுத்து வேறு வீட்டுக்கு அனுப்பவில்லை" என்றார். பதினேழு வயதில் திருமணமாகி ஊர்விட்டு ஊர் வந்தவர் அவர்.

எங்கே எதை வைப்பது என்று தெரியாமல் பையோடு நின்ற அம்மாவின் கையைப் பிடித்து, மொழி தெரியாத ஒரு மூதாட்டி புகையெழும் இடத்துக்கு அழைத்துச் சென்று பைன் கிளை ஒன்றைக் கொடுத்தார். கிளையைத் தீயில் இட்ட அம்மா, ஒரு சிட்டிகைக் குங்குமத்தையும் மஞ்சளையும் பக்கத்திலிருந்த கல்லில் வைத்தார். ரவிக்கைத் துணியை அந்த மூதாட்டியே வாங்கி அங்கே கட்டியிருந்த வெண்பட்டுத் துணிகளுக்கு நடுவில் கட்டினார். மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்த அம்மா, ஒருமுறை மலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதை மறுபடியும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.