அம்மாவின் ஏழு நாட்களும் பதினொரு கேள்விகளும்

அம்மா என்னைப் பெயர் சொல்லி அழைத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர் தங்கியிருக்கும் இல்லத்தில், மறதிநோய் முற்றியவர்களின் வாழ்க்கைத்தரத்தை மதிப்பிடப் போவதாகச் சொல்லி உளவியலாளர் என்னை அழைத்தபோது, பேச்சே நின்றுபோனவரிடம் எதைக் கேட்டு எதை எழுதப் போகிறார்கள் என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

நோயின் தொடக்கத்தில் ‘கியூஓஎல்-ஏடி’ என்னும் வாழ்க்கைத்தர அளவுகோலின் 13 கேள்விகளுக்கு அம்மாவே பதில் சொன்னார். பணத்தைப் பற்றிய கேள்விக்கு, “எனக்குப் பென்ஷன் வருது, அதுக்கென்ன குறைச்சல்?” என்று கேட்டவரிடம் இப்போது அப்படி எதையும் கேட்க முடியாது. அதனால் இம்முறை ‘குவாலிட்’ என்ற அளவுகோலை எடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான இதில் 11 கேள்விகள் உள்ளன. சிரிக்கிறாரா, அழுகிறாரா, முகம் சுளிக்கிறாரா, உணவை ரசிக்கிறாரா, தொட்டால் மகிழ்கிறாரா என்று கடந்த ஏழு நாட்களில் கண்ணால் கண்டதை மட்டும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 11 என்றால் மிக நல்ல நிலை, 55 என்றால் மிக மோசம்.

நான் போட்ட மொத்தம் 38. உளவியலாளர் அதைப் பார்த்துவிட்டு, அந்த வாரத்தில் எத்தனை நாள் அம்மாவுடன் இருந்தேன் என்று கேட்டார். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம். ஏழு நாட்களில் மூன்று நாட்களாவது கணிசமான நேரம் உடனிருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். ஆகவே பகல்நேரப் பணிப்பெண் நிரப்பிய தாளே கணக்கில் சேர்ந்தது; அவருடைய மொத்தம் 29.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அரைமணி நேரம் எனக்கு எளிதாக இருக்கவில்லை. சிரிப்புக்கு நான் 5 போட்டிருந்தேன். அவரோ, “தலை வாரும்போது டீச்சரம்மா தினமும் சிரிப்பாங்க அக்கா” என்றார். உணவை ரசிப்பதில்லை என்று நான் எழுதியிருந்தேன். இட்லிக்கு வாயை இறுக மூடிக்கொள்பவர் வெல்லம் கலந்த ராகிக் கஞ்சிக்குத் தாமே வாய் திறப்பதை அவர் பார்த்திருந்தார். முன்பிருந்த அம்மாவோடு ஒப்பிட்டு, இழந்ததையெல்லாம் நான் மதிப்பெண்ணாக்கியிருந்தேன். குடும்பத்தார் பொதுவாகவே நோயாளியின் வாழ்க்கைத்தரத்தைக் குறைத்து மதிப்பிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன என்று உளவியலாளர் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாகப்படவில்லை.

ஏனென்றால், உடல் அசௌகரியம் பற்றிய கேள்விகளில் மட்டும் நான் பணிப்பெண்ணைவிட நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தேன். குளியலின்போது அம்மா முனகுவதையும் கையைத் தட்டிவிடுவதையும் நான் ஒருநாளும் கண்டதில்லை. மறுநாள் குளியல் நேரத்தில், மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, தேற்றினால் அமைதியாகிறாரா என்ற ஐந்தையும் கவனித்து வலியை 10-க்குள் அளக்கும் ‘பெயினாட்’ முறையில் செவிலியர் 6 போட்டார். மருத்துவர் பார்த்தபோது இடது தோள் இறுகிப்போயிருந்தது. தலைவழியாக நைட்டியைக் கழற்றக் கையைத் தூக்கிய ஒவ்வொரு நாளும் வலித்திருக்கிறது; அதை இத்தனை நாளும் “முரண்டு பிடிக்கிறார்” என்று குறிப்பேட்டில் எழுதிவந்திருக்கிறார்கள்.

முன்பக்கம் திறக்கும் நைட்டிகள் வாங்கிக் கொடுத்தேன். மருத்துவர் சொற்படி குளியலுக்கு முன்பே பாராசிட்டமால் தருகிறார்கள். ஒரு மாதம் கழித்து அதே பணிப்பெண்ணே மறுபடியும் நிரப்பினார். ஆள் மாறினால் எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. மொத்தம் 22 ஆகியிருந்தது. ஆனால் அந்த மொத்தத்தைவிட, எந்தக் கேள்வியில் மாறியது என்பதையே இப்போது நான் முதலில் பார்க்கிறேன். கைப்பேசியில் சுப்ரபாதம் கேட்டால் அம்மா அசையாமல் இருப்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. பணிப்பெண் அதை ஓரத்தில் எழுதிவைத்திருந்தார்.

இப்போதெல்லாம் நான் ஞாயிறு மாலையில் போவதில்லை. காலை எட்டு மணிக்குப் போகிறேன். அதுதான் குளியல் நேரம்.