மாத்திரை அட்டையின் பின்பக்கம்

8 ஜனவரி 2025, கோட்டையூர்

பிள்ளையார் நோன்பு நல்லபடியாக முடிந்தது. இழை எடுக்கும் சடங்கு முடிந்த பிறகு பெரியவர்கள் எல்லோரும் வளவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். "எனக்குக் காலையில் பெரிய வெள்ளை, ராத்திரி சின்னது" என்றார் ஒருவர். "எனக்குப் பச்சை அட்டை" என்றார் இன்னொருவர். பத்து, பதினைந்து வருடமாக விழுங்கும் மருந்தின் பெயர் அங்கே இருந்தவர்களில் அநேகமாக யாருக்குமே தெரியவில்லை. அது என்னை உறங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்குகிறேன்.

அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும். கம்பெனி வைத்த பெயர் கடைக்குக் கடை மாறும், நிறமும் மாறும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. அதைத்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு 2003இல் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. முதலில் கொடுத்த மருந்து மெட்ஃபார்மின். இன்றும் அதைச் சாப்பிடுகிறேன். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை முன்காலத்தில் வைத்தியத்துக்குப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த பொருளைப் பின்பற்றி ஆய்வகத்தில் செய்த மருந்து இது. 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்து, பலன் இருக்கிறது என்று எழுதினார். ஈரல் தன் பாட்டுக்கு இரத்தத்தில் சர்க்கரையை விடுவதைக் குறைப்பதுதான் இதன் முக்கிய வேலை. ராத்திரி இரண்டு இட்லிதானே சாப்பிட்டேன், காலையில் வெறும் வயிற்றில் 170 எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் அந்த ஈரலில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் வயிறு கலங்கியது. நாக்கில் இரும்பை நக்கியது போல ஒரு சுவை. டாக்டர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொன்னார். சில வாரங்களில் சரியானது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று இந்த மருந்தையே விட்டுவிட்ட உறவினர்கள் எத்தனையோ பேர். வகையை மாற்றிக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

29 ஜனவரி 2025

தைப்பூசம் பிப்ரவரி 11. தம்பி காவடிகளோடு பழனிக்கு நடக்கிறான். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வெறுங்காலோடு நடை. வேண்டுதல். நடக்காதே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன் சாப்பிடுவது கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரே மாத்திரையாக இருப்பதால் அதற்குள் மூன்று மருந்து இருப்பதே அவனுக்குத் தெரியாது. அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.

கிளிமெபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா, பட்டினியா என்று அது பார்க்காது. நடக்கும் கால் தசைகளோ இரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பிறகு குழப்பம்.

அடுத்தது வோக்ளிபோஸ். இது பலருக்கும் தெரியாத விஷயம், தெரிய வேண்டிய விஷயம். நாம் சாப்பிடும் மாவுப் பொருளையும் சீனியையும் குடலில் உடைக்கும் நொதிகளை இது தடுக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எகிறாமல் இருக்க இது உதவும். ஆனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் நேரத்தில் சீனியோ வெல்லமோ தின்றால் அதுவும் சீக்கிரம் உடையாது. பாதயாத்திரை வழி நெடுக அன்பாகப் பானகம் கொடுப்பார்கள். தம்பிக்கு அந்தப் பானகம் அவசரத்துக்கு உதவாது. நேரடியாக இரத்தத்தில் சேரும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். நடக்கும் நாட்களுக்கு மட்டும் கூட்டு மாத்திரையை நிறுத்தி, கிளிமெபிரைடைப் பாதியாக்கித் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். இடுப்புப் பையில் குளுக்கோஸ் பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். கூட நடக்கும் இருவரிடம், இவன் சம்பந்தமில்லாமல் பேசினாலோ சிடுசிடுத்தாலோ கோபம் என்று நினைக்காமல் முதலில் குளுக்கோஸ் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி தங்கும் இடத்தில் உள்ளங்காலை விளக்கில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காலில் மரத்துப்போன இடத்தில் முள் ஏறினால் வலிக்காது. வலிக்காத புண்தான் ஆளைச் சாய்க்கும்.

20 பிப்ரவரி 2025

தம்பி வந்துவிட்டான். நத்தம் தாண்டி ஒரு சாயங்காலம் கை நடுங்கியிருக்கிறது. குளுக்கோஸ் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்ததும் தெளிந்திருக்கிறது. காலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். முருகனுக்கு நன்றி.

12 மார்ச் 2025

எங்கள் வீட்டுப் பட்டாலைத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. காலையில் வெறுங்காலோடு நின்றால் அந்தக் குளிர்ச்சி முழங்கால் வரை ஏறும். சில மாதங்களாக அது எனக்குத் தெரியவில்லை. பஞ்சின் மேல் நடப்பது போல இருந்தது. சர்க்கரை இத்தனை வருடம் இருந்தால் நரம்பு போகத்தான் செய்யும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

டாக்டர் அப்படி விடவில்லை. வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். மிகவும் குறைந்திருந்தது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 சேர்வது குறையும். நானோ சைவம், பால் தயிரைத் தவிர எனக்குப் பி12 கிடைக்க வழியில்லை. அதன் குறைபாடும் காலை மரக்கச் செய்யும், பார்வைக்குச் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு போலவே இருக்கும். ஆனால் இதற்கு மருந்து உண்டு. ஊசி தொடங்கியாகிவிட்டது. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, நிறுத்தவும் தேவையில்லை. பல வருடமாக அதைச் சாப்பிடும் ஒவ்வொருவரும் டாக்டரிடம் பி12 பற்றிக் கேளுங்கள். மன்றாடியே கேட்கிறேன்.

6 ஏப்ரல் 2025

எனக்கு எம்பாகிளிஃப்ளோசின் சேர்த்திருக்கிறார்கள். போன வருடமே டாக்டர் சொன்னார், ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றதால் தள்ளிப்போட்டோம். மார்ச் மாதம் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கிவிட்டன. இப்போது பத்து ரூபாய்க்கும் குறைவாகவே கிடைக்கிறது. வேறு இரண்டு சர்க்கரை மருந்துகளான டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020இலும், சிட்டாகிளிப்டினுக்கு 2022இலும் இதுவேதான் நடந்தது. மருந்து மாற்றும்போது விலையையும் கூச்சமில்லாமல் டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்த மருந்து அதைத் தடுத்துச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காப்பு என்று பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் சிறுநீர் இனிப்பாகப் போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். பெண்கள் இதை வெட்கத்தால் சொல்லாமல் மாதக்கணக்கில் அரிப்போடு இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கழுவி உலர வைத்துக்கொண்டாலே பெரும்பாலும் தடுக்கலாம், வந்தால் எளிய மருந்தும் இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் என்றால் டாக்டரைக் கேட்டு மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பும் சில நாட்கள் நிறுத்துவார்கள்.

மருந்து கூடியது தெரிந்ததும் உறவில் ஒருவர், "வாயைக் கட்டவில்லையா ஆச்சி?" என்றார். இந்தக் கேள்வி எனக்குக் கசக்கிறது. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி இருபது வருடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. நோய் தெரியவரும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறக்குறைய பாதி போயிருக்கும், அதன் பிறகும் வருடா வருடம் குறையும் என்பதை அது காட்டியது. ஒழுங்காக இருப்பவர்களுக்கும் மருந்து கூடும். அது இந்த நோயின் போக்கு, நோயாளியின் குற்றமில்லை. பக்கத்து வீட்டு அயித்தை இந்தப் பேச்சுக்குப் பயந்தே இன்சுலினைத் தள்ளிப்போட்டு வந்தார். இப்போது போட்டுக்கொள்கிறார். மின்வெட்டு நேரத்துக்குப் பானையில் ஈர மணல் போட்டு மருந்தை அதில் வைக்கிறார். இன்சுலினை ஃப்ரீசரில் மட்டும் வைக்கக்கூடாது, உறைந்தால் கெட்டுவிடும்.

18 மே 2025

தேவகோட்டையில் ஆத்தாவுக்கு நேர்ந்ததை எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

விடியுமுன் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) போன் செய்தார். ஆத்தா இரண்டாம் கட்டில் உட்கார்ந்துகொண்டு, என்றோ இறந்துபோன தன் அக்காளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ரவிக்கை தொப்பலாக நனைந்திருக்கிறது, தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார் என்று. விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். 48. விழுங்க முடிந்ததால் குளுக்கோஸ் கொடுத்தார்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். தெளிந்தார். அத்தோடு விட்டுவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னேன். பத்து மணிக்குள் சர்க்கரை மறுபடி இறங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தார்.

காரணம், கிளிமெபிரைடு வகையைச் சேர்ந்த பழைய மருந்தான கிளிபென்கிளமைடு. அறுபது வயதில் எழுதிக் கொடுத்த அதே அளவை எண்பத்து மூன்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய அட்டையைக் காட்டினால் கடையில் புதிய அட்டை கொடுத்துவிடுகிறார்கள். சீட்டைக் கேட்பதில்லை, வயதைக் கேட்பதில்லை. இதற்கிடையில் ஆத்தாவின் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது. அந்த மருந்து உடலை விட்டு வெளியேறாமல் தேங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்ற குறிப்பு இருக்கிறது.

அதை நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகத் திறன் 30க்குக் கீழே வந்துவிட்டதால் மெட்ஃபார்மினையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது லினாகிளிப்டின் மட்டும். சிறுநீரகம் தளர்ந்தாலும் இதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) எட்டு சதவீதம் வரை இருக்கலாம் என்றார் டாக்டர். பார்க்க வந்தவர்கள் "எட்டா!" என்று வாயில் கை வைக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரருக்கு ஏழு குறி. எண்பது தாண்டியவர் ராத்திரி மயங்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் முக்கியம். வருடத்துக்கு ஒரு முறையாவது வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள்.

9 ஆகஸ்ட் 2025

வீட்டு வேலைக்கு வரும் வள்ளியின் மாமியாருக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். மருந்து தரும் பெண் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போகிறார். இந்த முறை 290 காட்டியதாம், குடும்பமே கலங்கிவிட்டது. கந்தரப்பத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு விரலை நீட்டியிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்ததும் 164.

காரைக்குடிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. நாம் விரலைக் குத்தித் தொடும் அந்தச் சிறு பட்டையில் நடப்பதும் மின்வேதியியல்தான். அதிலுள்ள நொதி குளுக்கோஸோடு வினைபுரிய, பிறக்கும் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. விரலில் ஒட்டிய வெல்லத்தையும் சேர்த்தே அளக்கும். பட்டைகள் இருக்கும் டப்பாவை அடுப்படியில் திறந்து வைத்தாலும் அளவு பிசகும்.

16 நவம்பர் 2025

என் மூன்று மாதச் சர்க்கரை 7.1. கால் மரப்பு குறைந்திருக்கிறது. பட்டாலைக் கல்லின் குளிர்ச்சி இடது காலில் நன்றாகவே தெரிகிறது, வலது காலில் இன்னும் முழுதாக இல்லை. எம்பாகிளிஃப்ளோசின் ஒத்துக்கொண்டதால், நான் சாப்பிடும் கிளிமெபிரைடை இரண்டு மில்லிகிராமிலிருந்து ஒன்றாக்கியிருக்கிறார் டாக்டர்.

சென்னையில் இருக்கும் அண்ணன் மகள், வாரம் ஒரு முறை போடும் ஊசி பற்றிக் கேட்கிறாள். அப்படி ஒன்றான டிர்செபடைடு இந்த வருடம்தான் இந்தியாவுக்கு வந்தது. எடையும் சர்க்கரையும் நன்றாகக் குறைகின்றன என்பது உண்மை. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வருகின்றன, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்பதும் உண்மை. அதே போன்ற இன்னொரு ஊசி மருந்தான செமாகுளுடைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் இங்கே முடிகிறது, அப்போது விலை இறங்கும் என்று மருந்துக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்கு அவசரமில்லை, கட்டுப்பாட்டில்தான் இருக்கிறாள். பொறுத்திருந்து, கண் விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டு, அதன் பிறகு டாக்டரிடம் பேசு என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அவள் சாப்பிடும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பவும் சொன்னேன். அனுப்பினாள். அதில் பயோகிளிட்டசோன் என்ற மருந்து இருக்கிறது. அவளுக்குக் கணுக்கால் வீங்குவதாக அண்ணமிண்டி சொன்னார். இந்த மருந்து உடலில் நீரைத் தேக்கும். திங்கட்கிழமையே டாக்டரைப் பார்க்கச் சொல்லி இன்றைக்கே போன் செய்துவிட்டேன்.