வேலைக்காக ஜப்பானிய மொழி: டோக்கியோவில் நான் படித்த விதம்

சென்னையில் இயந்திரவியல் படித்து, ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஐந்து நிலைகளில் இரண்டாவது உயர்ந்ததான என்2 நிலையை அங்கேயே தேறிய பிறகுதான், டோக்கியோவில் உள்ள ஒரு மொழிப் பள்ளியின் வணிக ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன். வேலை விளம்பரங்கள் பலவற்றில் என்2 கேட்கப்படுகிறது என்றாலும், அந்தத் தேர்வு நம்மைப் பேசவும் வைப்பதில்லை, எழுதவும் வைப்பதில்லை. அலுவலகத்தில் தேவைப்படுவது இவை இரண்டும்தான்.

வகுப்பில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது தொலைபேசிப் பயிற்சி. வாடிக்கையாளர் ஒருவர் அழைத்துப் பிரிவுத் தலைவர் தனாக்காவைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குள் அவரைப் பதவிப் பெயர் சேர்த்து மரியாதையாக அழைக்கும் நாம், வெளியாளிடம் அவரைப் பற்றிப் பேசும்போது வெறும் ‘தனாக்கா’ என்று சொல்லி, வினைச்சொல்லையும் பணிவு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அந்த உரையாடலில் தனாக்கா நம் தரப்பு ஆள். உயர்த்தப்பட வேண்டியவர் எதிர்முனையில் இருப்பவர். மேலதிகாரியைப் பற்றி யாரிடம் பேசினாலும் ‘சார் வந்தார், சார் சொன்னார்’ என்றே பேசிப் பழகிய நமக்கு இது எளிதில் வராது. வினை இறுதியில் வரும் வாக்கிய அமைப்பு தமிழருக்குப் பெரிய துணைதான். ஆனால் யார் முன்னிலையில் யாரைத் தாழ்த்திச் சொல்வது என்பதைத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துத்தான் கற்க முடிந்தது. மாணவர் விசாவில் தனி அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். ஆனால் கடைகளில் மனப்பாடமாகச் சொல்லும் மரியாதைத் தொடர்கள் இதற்கு ஈடாகா என்பது என் உறுதியான கருத்து.

நேர்காணலுக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. கதவை மூன்று முறை தட்டுவது, உட்காரச் சொன்ன பிறகே உட்காருவது போன்றவை சீக்கிரம் பழகிவிடும். ‘எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்ற கேள்விக்கான விடைதான் கடினம். நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில், வேறு எந்த நிறுவனத்துக்கும் பொருந்தக்கூடிய ஒவ்வொரு வரியையும் ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டு, மிஞ்சியதிலிருந்து மறுபடி எழுதச் சொன்னார். அந்தப் பயிற்சியின் அருமையை நேர்காணல் அறையில் உணர்ந்தேன்.

பிஜேடி எனப்படும் வணிக ஜப்பானியத் தேர்வையும் எழுதினேன். 800 மதிப்பெண்ணுக்கான அதில் தேர்ச்சி, தோல்வி என்று இல்லை. பெற்ற மதிப்பெண்ணுக்கேற்ற நிலை தரப்படும். கூட்டம், மின்னஞ்சல், வரைபடம் என்று அலுவலகச் சூழலிலேயே கேள்விகள் அமைவதால், அதற்குத் தயாராவதே நல்ல பயிற்சி.

புதிய பட்டதாரிகளுக்கான அரசின் கால அட்டவணைப்படி மார்ச் 1 அன்று நிறுவன விளக்கக் கூட்டங்களும் ஜூன் 1 அன்று ஆள்தேர்வும் தொடங்கும். முறையான பணி உறுதி அக்டோபர் 1 முதல். பணியில் சேருவது அடுத்த ஏப்ரலில். பல நிறுவனங்கள் இதற்கு முன்பே ஆளெடுக்கத் தொடங்கிவிடுவதால், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

வேலை கிடைத்ததும் மாணவர் விசாவைப் பணி விசாவாக மாற்ற விண்ணப்பித்தேன். அங்கே மொழிச் சான்றிதழ் மட்டும் போதாது. படித்த துறைக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆகவே பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே மூலப் பிரதியாக எடுத்துச் செல்லுங்கள்.