கோயில் தளம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பக்கம்: சர்வர் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை, ரோஸ் ஹில்

வரும் 11ஆம் தேதி தைப்பூசம். மொரிஷியஸில் அது பொது விடுமுறை நாள். காவடி புறப்படும் நேரம், பால்குடப் பதிவு, அன்னதானத்துக்குப் பொருள் தருவோர் பட்டியல் எல்லாமே எங்கள் கோயிலின் இணையதளத்தில்தான் இருக்கின்றன. இன்று இரவு ஒன்பது மணியளவில் பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து அத்தை மகள் அழைத்தாள். "அண்ணா, கோயில் தளத்தின் பெயரை அடித்தால் முருகன் படம் வரவில்லை. ஆங்கிலத்தில் 'வெல்கம் டு என்ஜின்எக்ஸ்' என்று வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறது" என்றாள். என் கணினியில் திறந்து பார்த்தேன். தளம் சரியாகவே வந்தது. அவளுடைய மகன் தன் புதிய கைப்பேசியில் திறந்தபோதும் சரியாக வந்ததாம். பழைய டேப்லெட்டில் மட்டும் அந்த வெள்ளைப் பக்கம். அது, எங்கள் சர்வரில் தளப் பக்கங்களை அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸின் இயல்புப் பக்கம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தத் தளத்தைப் பார்த்துத்தான் விமானச் சீட்டு எடுக்கிறார்கள். ஆகவே "உங்கள் டேப்லெட்டில்தான் கோளாறு" என்று சொல்லிவிட மனம் வரவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்கினேன். டேப்லெட்டின் உலாவித் தேக்ககத்தை, அதாவது அதில் சேமித்திருக்கும் பழைய பக்கங்களை, அழிக்கச் சொன்னேன். அழித்த பிறகும் அதே பக்கம். தளத்தின் கோப்புறையில் முகப்புக் கோப்பு இருக்கிறது, எதை முகப்பாகக் காட்டுவது என்று சொல்லும் இன்டெக்ஸ் வரியிலும் அதன் பெயர் இருக்கிறது. முகப்புக் கோப்பில் சிக்கல் என்றால் அது எல்லோருக்கும் ஒரேபோலத்தான் தெரியும். ஒரே வீட்டில் ஒரு கருவிக்குச் சரியாகவும் மற்றொன்றுக்குத் தவறாகவும் வராது.

பயன் தந்தது, ஒவ்வொரு வருகையையும் குறித்துவைக்கும் சர்வர் பதிவேடுதான். எங்கள் தளத்துக்குத் தனிப் பதிவேடு உண்டு. நேற்றிரவு அவள் திறந்த நேரத்தைத் தேடினேன். பதிவேடு யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது; மொரிஷியஸும் ரீயூனியனும் அதைவிட நான்கு மணி நேரம் முன்னே இருப்பதால் 17 மணியை ஒட்டிய வரிகளைப் பார்த்தேன். டேப்லெட்டின் தடயமே அங்கு இல்லை. பிறகு சர்வரின் பொதுப் பதிவேட்டைத் திறந்தபோது, அதே நிமிடத்தில் அந்த வருகை இருந்தது. அதன் தொடக்கத்தில் நான்கு எண்கள் கொண்ட வழக்கமான இணைய முகவரி (ஐபிவி4) இல்லை. முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட, புதிய வகையான ஐபிவி6 முகவரி இருந்தது. அதாவது, பக்கத்தைக் கேட்கும் கேள்வி எங்கள் சர்வருக்கு வந்திருக்கிறது; ஆனால் அதற்கு விடை சொன்னது எங்கள் தளத்தின் பகுதி அல்ல.

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லை. ஆகையால் இங்கிருந்து எத்தனை முறை சோதித்தாலும் இந்தப் பிழை என் கண்ணில் படாது. சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்தே அதன் இரு முகவரிகளுக்கும் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் கட்டளையால் தனித்தனியே தளப்பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஐபிவி4 வழியே கேட்டபோது தளம் பாதுகாப்பான (https) முகவரிக்குத் திருப்பிவிட்டது. ஐபிவி6 வழியே கேட்டபோது அந்த வெள்ளைப் பக்கம் வந்தது.

என்ஜின்எக்ஸ் ஒரு கேள்வியைப் பெற்றதும் உடனே தளப்பெயரைப் பார்ப்பதில்லை. கேள்வி எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு (எண்ணிட்ட நுழைவாயிலுக்கு) வந்தது என்பதை முதலில் பார்த்து, அங்கே காத்திருக்கும் சர்வர் பிளாக்குகளை (ஒவ்வொரு தளத்துக்குமான அமைப்புப் பகுதிகளை) மட்டும் எடுத்துக்கொள்கிறது. அவற்றுக்குள்தான் பெயரை ஒப்பிடுகிறது. ஒன்றும் பொருந்தாவிட்டால், அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் இயல்பானது என்று குறிக்கப்பட்ட பிளாக்கிடம், அப்படிக் குறிக்கப்படாவிட்டால் முதலில் எழுதப்பட்டதிடம், கேள்வியை ஒப்படைத்துவிடுகிறது. எங்கள் தளத்தின் அமைப்புக் கோப்பில் "லிசன் 80" என்று மட்டும் இருக்கிறது. அது ஐபிவி4 வாசலுக்கு மட்டுமே பொருந்தும். சர்வரின் இயங்குதளமான டெபியனுடன் வரும் இயல்புக் கோப்பிலோ அந்த வரியோடு "லிசன் [::]:80" என்ற வரியும் இருக்கிறது. இரண்டு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலில் மட்டும் பெயர்ப்பலகை மாட்டியதுபோல, மறு வாசலுக்கு வந்தவர்களெல்லாம் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார்கள். என்ஜின்எக்ஸ் 1.3.4 பதிப்பிலிருந்து ஐபிவி6 வாசல் ஐபிவி4 கேள்விகளை ஏற்பதில்லை. இரண்டையும் வெளிப்படையாக எழுதியாக வேண்டும்.

புதிய கைப்பேசியில் ஏன் சரியாக வந்தது என்பதும் விளங்கியது. புதிய உலாவி முதலில் பாதுகாப்பான இணைப்புக்கான 443ஆம் போர்ட்டை நாடுகிறது. ஐபிவி6இல் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்பதால் இணைப்பு உடனே மறுக்கப்பட்டு, உலாவி ஐபிவி4க்குத் தாவி எங்கள் தளத்தை அடைந்துவிடுகிறது. பழைய டேப்லெட் சாதாரண இணைப்புக்கான 80ஆம் போர்ட்டில்தான் தொடங்குகிறது. அங்கே ஐபிவி6 வழியில் இயல்புப் பக்கம் விடை தருகிறது. விடை கிடைத்துவிட்டதால் அது வேறு வழி தேடுவதில்லை.

பழைய சர்வரில் ஐபிவி4 முகவரி மட்டுமே இருந்தது. கடந்த டிசம்பரில் புதிய சர்வருக்கு மாறியபோது தளப்பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவில் இரு முகவரிகளும் ஏற்றப்பட்டன. அமைப்புக் கோப்போ பழையபடியே நகலெடுக்கப்பட்டது. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சரியான வேலைகள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இதைத் திருத்துவதற்கு முன் சான்றிதழ்ப் பதிவேட்டையும் பார்த்தது நல்லதாயிற்று. பாதுகாப்பான இணைப்புக்காக லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் 90 நாள் செல்லும். காலாவதிக்கு 30 நாள் இருக்கும்போது சர்ட்பாட் என்ற நிரல் அதைப் புதுப்பிக்கத் தொடங்கும். ஜனவரிக் கடைசி வாரத்திலிருந்து ஒவ்வொரு புதுப்பித்தலும் 404 (கேட்டது இல்லை) என்று தோற்றிருக்கிறது. காரணம் அதேதான்: தளப்பெயருக்கு ஐபிவி6 முகவரி இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட், தளம் எங்களுடையதுதானா என்று சரிபார்க்க முதலில் அதன் வழியே வருகிறது. சரிபார்ப்புக் கோப்பு எங்கள் தளத்தின் கோப்புறையில் இருக்க, விடை சொன்ன இயல்புப் பிளாக் தன் கோப்புறையில் தேடி, இல்லை என்று சொல்லிவிட்டது. விடை கிடைத்துவிட்டதால் ஐபிவி4 வழியே மறுபடி முயலவும் இல்லை. வெள்ளைப் பக்கத்தை ஒரு சிலர்தான் பார்த்தார்கள்; ஆனால் மாதக் கடைசியில் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் ஒவ்வொரு பக்தருக்கும் எச்சரிக்கைத் திரை வந்திருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

இரவு பூஜைக்குப் பிறகு, தளத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், கோப்பில் 80, 443 இரண்டுக்கும் ஐபிவி6 வரியைச் சேர்த்தேன். சோதனைக் கட்டளை பிழையில்லை என்றது. சேவையை நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மறுபடி ஏற்றினேன். சர்வரிலிருந்து கேட்டபோது இரு வழிகளிலும் ஒரே விடை வந்தது. சான்றிதழும் முதல் முயற்சியிலேயே புதுப்பிக்கப்பட்டது. டேப்லெட்டில் காவடி நேர அட்டவணை வந்துவிட்டதாக அத்தை மகள் செய்தி அனுப்பினாள்.

இயல்புப் பிளாக்கை நீக்கிவிடலாமா என்று யோசித்து, வேண்டாமென்று முடிவு செய்தேன். நீக்கினால் அந்த இடத்துக்கு அகர வரிசையில் முதலில் வரும் தளம் தானாகவே வந்து நிற்கும். இதே சர்வரில் மாலைத் தமிழ்ப் பள்ளியின் தளமும் இருப்பதால், கோயிலைத் தேடி வந்தவருக்குப் பள்ளியின் பக்கம் காட்டப்படலாம். அதற்குப் பதிலாக இயல்புப் பிளாக் 444 என்ற குறியீட்டைத் தரும்படி மாற்றினேன். பெயர் பொருந்தாத கேள்விக்கு எந்தப் பக்கமும் காட்டாமல் இணைப்பை மூடிவிடும்.

பிப்ரவரி 6, வியாழன்

பள்ளித் தளத்தின் கோப்பிலும் ஐபிவி6 வரி விடுபட்டிருந்தது, சேர்த்தாயிற்று. இரு தளங்களையும் இரு முகவரிகள் வழியாகவும் தினமும் காலையில் கேட்டு, முகப்பில் தளத்தின் பெயர் இல்லாவிட்டால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் சிறிய நிரலை எழுதி வைத்தேன்.