வீட்டு லேத்துக்கு பைக் ஆயில் வேண்டாம்

வீட்டில் இரும்பு கடையும் சின்ன லேத், டிரில்லிங் மெஷின் என்று வைத்திருப்பவர்களிடம் என்ன ஆயில் விடுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், பைக்குக்கு ஊற்றியது போக மிச்சம் இருந்த 20டபிள்யூ-40. கையில் இருக்கிறது, எண்ணெய்தானே, வழுக்கினால் சரி என்று ஒரு கணக்கு. ஒன்றுமே விடாமல் ஓட்டுவதற்கு இது எவ்வளவோ தேவலாம். ஆனால் எஞ்சின் ஆயிலில் டிடர்ஜென்ட் கலந்திருக்கும்; கரியையும் தூசியையும் அடியில் படியவிடாமல் எண்ணெயிலேயே மிதக்கவைத்து ஃபில்டர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. நம் சின்ன லேத்தின் ஹெட்ஸ்டாக்கில், அதாவது வேலைத்துண்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் இருக்கும் பெட்டியில், ஃபில்டர் எங்கே இருக்கிறது? அங்கே அழுக்கு அடியில் போய் உட்கார்ந்தால்தான் மேலே இருக்கும் நல்ல எண்ணெய் பேரிங்குக்குப் போகும். மிதக்கவிட்டால் நைஸான இரும்புத் தூள் கியருக்கும் பேரிங்குக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும். ஈரம் வேறு. எஞ்சின் ஆயில் தண்ணீரையும் தனக்குள் கலந்து வைத்துக்கொள்ளும், எஞ்சின் சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும், லேத் எப்போது அவ்வளவு சூடாகப் போகிறது?

சரி, வேறு எது? இண்டஸ்ட்ரியல் ஆயில் டப்பாவில் ஐஎஸ்ஓ விஜி என்று போட்டு 32, 46, 68, 220 என்று ஓர் எண் இருக்கும். 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதை சென்டிஸ்டோக்ஸ் கணக்கில் சொல்வது அது, பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். யூடியூபில் நாம் பார்க்கும் இங்கிலாந்து, அமெரிக்க ஆசாமிகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு 20 டிகிரியில் நின்று பேசுகிறார்கள். அங்கே அதே 68 கிட்டத்தட்ட 200க்குப் போய்விடும். சென்னையில் மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் மெஷின் 40 டிகிரியில்தான் இருக்கும், ஆகவே டப்பாவில் போட்ட கெட்டிதான் நமக்கு. அதனால் அவர்கள் 32 விடச் சொல்லும் இடத்தில் ஸ்பிண்டிலைத் தாங்கும் உலோகக் குழாயான புஷ் பழையதாகத் தேய்ந்திருந்தால் நான் யோசிக்காமல் 68க்குப் போவேன். பேரிங் வைத்த ஸ்பிண்டிலுக்கு 32 போதும்.

இந்த இடத்தில் கியர் ஆயில் 90 பற்றி ஒரு வார்த்தை. 68ஐ விடக் கொஞ்சம் கெட்டி போல என்று தோன்றும், ஆனால் அது வண்டி எண்ணெய்களுக்கான எஸ்ஏஈ எண், கணக்கே வேறு. விஜியில் சொன்னால் 220 பக்கம் வரும். கெட்டியைக்கூட விட்டுவிடலாம், லாரி டிஃபரென்ஷியலுக்கு விடும் ஜிஎல்-5 வகையில் இருக்கும் கந்தகச் சேர்க்கை பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கக்கூடியது. பட்டாலா, ராஜ்கோட் பக்கம் செய்து வந்த பழைய கோன் புல்லி லேத்துகள் பலவற்றில் ஸ்பிண்டில் கன்மெட்டல் என்ற வெண்கல வகை புஷ்ஷில்தான் ஓடும். அதில் போய் அதை ஊற்றுவானேன்?

லேத்தின் நீண்ட அடித்தளமான பெட்டுக்கும் அதன் மேல் நகரும் ஸ்லைடுக்கும் தனி எண்ணெய் இருக்கிறது, ஸ்லைடுவே ஆயில். இந்தியன் ஆயிலின் சர்வோவே 68, மொபில் வேக்ட்ரா நம்பர் 2 எல்லாம் இந்த ஜாதி. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு ஹேண்டிலை டயலில் ஒரு கோடு திருப்புகிறீர்கள், டூல் அசையவில்லை, இன்னொரு கோடு, அப்போதும் இல்லை, மூன்றாவதில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாவு தாவி அளவைக் கெடுத்துவிடும் இல்லையா, அதற்கு மருந்து இதுதான். நிற்கும் ஸ்லைடை அசைக்க வேண்டிய விசை, ஓடும் ஸ்லைடை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதைவிட அதிகம். இந்த வித்தியாசத்தைக் குறைக்கும் சேர்க்கை ஒன்றும், ஒட்டிக்கொண்டு நிற்க வைக்கும் பசை ஒன்றும் இதில் இருக்கும். ஒரு சொட்டை விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தட்டித் தட்டிப் பிரித்தால் மெல்லிய நூலாக இழுபடும். ஹைட்ராலிக் ஆயில் 68 அதே கெட்டிதான், நூல் வராது.

ஆயில் விடுவதில் பாதி வேலை துடைப்பது. பெட்டை பனியன் வேஸ்ட்டால் துடைத்து, எண்ணெய் தடவி, டூலைத் தாங்கி பெட்டின் மேல் ஓடும் கேரேஜை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓட்டினால் அதன் ஓரத்தில் துடைப்பானாக இருக்கும் ஃபெல்ட்டுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு சேரும். கேரேஜுக்கு அடியில் இருந்த தூள் அது. துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய், மறுபடி ஓட்டம், சாம்பல் நிறம் போகும் வரை. ஃபெல்ட் கல் மாதிரி இறுகியிருந்தால் கழற்றி டீசலில் அலசுங்கள், தேறவில்லை என்றால் புதிது வெட்டிப் போடுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்து லேத்தைச் சுத்தம் செய்யும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், தூளை அவர்களே ஸ்லைடுக்கு அடியில் ஊதி அனுப்புகிறார்கள். அப்புறம், வேலைத்துண்டைப் பிடித்திருக்கும் சக் சுற்றும்போது வேஸ்ட்டோடு கிட்டேயே போகாதீர்கள், ஒரு நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

பால் ஆயிலர் இருக்கும் மெஷின் என்றால் இன்னொரு வம்பு. பித்தளை வளையத்துக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த சின்னக் குண்டு. தையல் மெஷின் கேனின் மூக்கை அதன் மேல் வைத்து அழுத்தினால் எண்ணெய் சுற்றிலும் வழியும், உள்ளே ஒரு சொட்டும் இறங்கியிருக்காது, மேலே பளபளப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய்விடுவோம். பம்ப் வகை கேன் வாங்கி, மூக்கு நுனியை அரத்தால் தட்டையாகத் தேய்த்து, மேலே ஒரு துண்டு ரப்பர் டியூப் மாட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். ஷாஃப்ட் ஓரத்தில் கறுப்பாகக் கசிய ஆரம்பித்தால் உள்ளே போயிருக்கிறது.

கிரீஸ் வெளியே தெரியும் சேஞ்ச் கியருக்கு மட்டும், அதுவும் மெல்லிசாக. கேரேஜை நகர்த்தும் நீள மரைத் தண்டான லீட் ஸ்க்ரூவுக்கு வேண்டவே வேண்டாம், தூளோடு சேர்ந்து வால்வு தேய்க்கும் பேஸ்ட்டாக மாறி அந்தத் தண்டைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் தின்றுவிடும். சின்ன மோட்டார்களில் வரும் வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்ட புஷ்ஷுக்கும் கிரீஸ் ஆகாது; அதன் துளைகளுக்குள் ஏற்கெனவே எண்ணெய் ஊறியிருக்கும், கிரீஸ் அந்தத் துளைகளை அடைத்துவிடும், டீசலில் ஊறப்போட்டால் இருக்கிற எண்ணெயும் போய்விடும்.

தேங்காய் எண்ணெய்? பூட்டுக்கும் கதவுக் கீலுக்கும் அதை விட்டே பழகிய ஜனங்கள் நாம். மெஷினுக்கு வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்கு பிடிக்கும், 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், மார்கழி காலையில் கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் இரும்பில் துளைக்குள் மரை வெட்ட டேப் போடும்போது இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், கீச்சென்ற சத்தமே இல்லாமல் இறங்கும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம்.

தண்ணீரில் கரைக்கும் வெள்ளைக் கூலண்ட் வீட்டுக்கு ஒத்துவராது என்பது என் கட்சி. பெட்டில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும், பெட்டின் மறு கோடியில் நிற்கும் டெயில்ஸ்டாக்குக்கு அடியில் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும், வாரக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் பாக்டீரியா பிடித்து நாறும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்று ஒன்றே போதும் பெட்டைப் பழுப்பாக்க. அந்த நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் துடைத்து ஸ்லைடுவே ஆயில் தடவி, டெயில்ஸ்டாக்கை இடம் மாற்றி வைப்பது நல்லது.

மொத்தத்தில் வாங்க வேண்டியது ஸ்லைடுவே 68, ஸ்பிண்டிலுக்கு ஹைட்ராலிக் 32, கொஞ்சம் லித்தியம் கிரீஸ். தேய்ந்த புஷ்ஷுக்கு அந்த ஸ்லைடுவே 68ஐயே விடலாம். கடையில் பெரிய வாளியாகத்தான் தருவேன் என்பார்கள், தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம். லூஸில் அளந்து தரும் எண்ணெயை நான் நம்புவதில்லை. பங்கு பிரித்ததும் முதல் வேலையாக கேன் மேல் எது எதென்று எழுதி ஒட்டுங்கள், இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.